கொட்டியாரத்துக் கரைகள் – 4: இரண்டு நீர் கூடும் இடம்

தோப்பூரை விளங்கிக்கொள்ள மகாவலியிலிருந்துதான் தொடங்க வேண்டும். மலைநாட்டில் பிறந்து, கண்டியை வளைத்து, 335 கிலோமீற்றர் ஓடிவரும் அந்த ஆறு கடலுக்குக் கிட்ட வந்ததும் பிரிகிறது. ஒரு கிளை மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. மற்றது வெருகலாறாகி, தெற்கே தனி வழியில் கடலைச் சேர்கிறது. இரண்டுக்கும் இடையே வயலும் குளமும் களப்புமாகக் கிடக்கிற நிலத்தில் இருக்கிறது தோப்பூர். எந்தத் திசையில் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வந்து வழி மறிக்கும்.

ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் 1660இல் பிடிபட்ட கரையைப் பற்றிப் போன பகுதியில் எழுதினேன். அங்கிருந்து தோப்பூருக்கு வருவது இப்போது சின்னப் பயணம். ஒரு காலத்தில் திருகோணமலையிலிருந்து இந்தப் பக்கம் தரைவழியே வருவதென்றால், கிண்ணியாவில் தொடங்கித் துறைக்குத் துறை பாதை என்கிற மிதவைப் படகுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. பிறகு மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. துறையடியில் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரம் எவ்வளவு அமைதி என்று சிலர் ஏங்குவதைக் கேட்டிருக்கிறேன். பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிவந்து அதே துறையடியில் நின்றவர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். பாலம் வந்தது நல்லது.

நான் தங்கியது ஊருக்குள் என்றாலும், இரவுகளை வட்டையில்தான் கழித்தேன். சிறுபோக வேளாண்மை குடலைப் பருவத்தில் நின்றது. கச்சான் காற்று பகல் முழுக்கச் சுடச்சுட அடித்து, இருட்டியதும் அடங்கியது. யானைக் காவலுக்காக வயலோரத்தில் ஒரு பரண். அதில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு விவசாயி. நான் அவரைக் காக்கா என்று கூப்பிட்டேன், அவர் என்னைத் தம்பி என்றார். ராத்திரி முழுக்கத் தனியே என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ஓதுவன். யானை வந்தா வெடி போடுவன். மறுகாத் திரும்ப ஓதுவன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் அருகில் இருந்த இரவில் காட்டுப்பக்கம் கிளை முறியும் சத்தம் கேட்டது. அவர் ஓதலை நிறுத்தி, யானைவெடியைக் கொளுத்தி எறிந்து, கை தட்டிக் கூவினார். இருட்டில் பெரிய உருவங்கள் அசைந்து விலகின. அவர் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். குரல் நடுங்கவில்லை. எனக்குத்தான் நெஞ்சு வெகுநேரம் அடித்தது. ஓதல் ஒன்று, காவல் ஒன்று என்று அவரிடம் இரண்டு வேலை இருக்கவில்லை. நகரத்தில் தியான வகுப்புக்குப் போய், கதவைச் சாத்தி, தொலைபேசியை அணைத்து, அப்படியும் கிடைக்காத ஒன்று, யானைக்குக் காது கொடுத்தபடியே இருக்கிற இந்த மனிதருக்குக் கிடைத்திருந்தது. சுபஹுக்கு முன்னமே வாய்க்காலில் இறங்கி வுழூச் செய்தார். வரப்பில் சாக்கை விரித்துத் தொழுதார். கொக்குகள் அவரைச் சட்டை பண்ணாமல் பக்கத்திலேயே மேய்ந்தன.

வெள்ளிக்கிழமைகளில் கஹ்பு சூரா ஓதுவது இங்கே பல வீடுகளில் வழக்கம். குர்ஆனின் பதினெட்டாவது சூரா. அதில் மூஸா நபி, இரண்டு கடல்கள் கூடுகிற இடத்தைத் தேடி நடக்கிறார். உணவுக்குக் கொண்டுபோன மீன் தப்பித் தண்ணீருக்குள் போய்விடுகிற இடம்தான் அவர் தேடிய இடம். அங்கே ஓர் அடியாரைச் சந்திக்கிறார். ஹிழ்று நபி என்று முஸ்லிம்கள் சொல்வது அவரைத்தான். என்னோடு வர உமக்குப் பொறுமை போதாது என்று அவர் எச்சரிக்கிறார். மூஸா நபி பொறுத்திருப்பதாக வாக்குக் கொடுக்கிறார். ஆனாலும் மூன்று முறை வாய் திறந்து கேட்டுவிடுகிறார்.

இந்தக் கதையைப் புத்தகத்தில் படித்திருந்தேன். காக்கா களப்புக்கு அழைத்துப் போனபோதுதான் அது எனக்குள் இறங்கியது. ஊருக்குக் கிழக்கே களப்பு. மழைக்காலத்தில் வயல்களின் நன்னீர் அதில் வந்து விழும். கடல் பக்கமிருந்து உப்பு ஏறும். எது எவ்வளவு என்பது மாதத்துக்கு மாதம் மாறும். கண்டல் வேர்களுக்கிடையில் இறால் குஞ்சு வளர்வதும், மீன் உள்ளே வருவதும் வெளியே போவதும் இந்தக் கலப்பை நம்பித்தான். வீச்சுவலையோடு நின்ற ஒருவர் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இடுப்பளவு ஆழத்தில் அசையாமல் நின்றார். நான் பொறுமை இழந்து, ஏன் வீசவில்லை என்று காக்காவிடம் கேட்டேன்.

"அவன் வீசுற நேரம் அவனுக்குத் தெரியும். இரிங்க தம்பி."

இருந்தேன். வெயில் முதுகில் ஏறியது. கேள்விகள் ஒவ்வொன்றாக வந்து, பதில் இல்லாமலே போயின. ஒரு கட்டத்தில் கேட்கத் தோன்றவில்லை. அந்தத் தண்ணீரும், நிற்கிற அந்த ஆளும், கரைச் சேற்றில் குத்திக் குத்தி ஓடும் உள்ளான்களும் போதுமாக இருந்தன. வலை விரிந்து விழுந்தபோது மீனை எண்ணிப் பார்க்கவும் மனம் போகவில்லை. அமைதி என்று நான் அறிந்ததில் அதுவே முழுமையானது. அதற்காக நான் செய்தது பேசாமல் இருந்தது மட்டும்தான்.

இந்தத் தண்ணீரின் கதையில் குருதியும் உண்டு. 2006 ஜூலையில் விடுதலைப் புலிகள் மாவிலாற்று அணைக்கதவை மூடினார்கள். வயல்களுக்கும் வீடுகளுக்கும் போகிற தண்ணீர் நின்றது. அதைத் தொட்டு மூண்ட சண்டை 2009 மே வரை நீண்டு, வன்னியில் போய் முடிந்தது. 2006 ஆகஸ்டில் மூதூரும் தோப்பூரும் வெறிச்சோடின. முஸ்லிம் குடும்பங்கள் செல்லடிக்கு நடுவே கந்தளாய்ப் பக்கம் ஓடின. சம்பூர்த் தமிழர்கள் அதே ஆண்டில் பெயர்ந்து, பலர் பத்தாண்டு அளவுக்கு ஊர் காணாமல் முகாம்களில் கிடந்தார்கள். காக்கா அந்த ஓட்டத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. வாய்க்காலைக் காட்டி, "இதுல தண்ணி வராத ஒரு போகத்தப் பாத்திட்டன். இப்ப இது ஓடுற சத்தமே எனக்குப் போதும்" என்றார். இயற்கை தானாக வந்து எவருக்கும் ஆறுதல் சொல்லிவிடாது. வாய்க்கால் ஓட வேண்டும், வயலுக்குத் திரும்பிப்போகப் பயமில்லாதிருக்க வேண்டும். அதன் பிறகுதான் மற்றது.

ஆற்றின் கடைசியைத் தேடி நடந்து வந்தவர்கள் இங்கே எல்லாச் சமயத்திலும் இருந்திருக்கிறார்கள். தெற்கே சேருவில விகாரை, காவன்திஸ்ஸ மன்னன் கட்டியதாக மரபு. அங்கிருந்து மகாவலியை ஒட்டி மலைக்கு ஏறும் பழைய யாத்திரைப் பாதை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பாதை போய்ச் சேரும் சிகரம் பௌத்தருக்கு ஸ்ரீபாதம், சைவருக்குச் சிவனொளிபாதம், முஸ்லிம்களுக்குப் பாவாதமலை. கங்குவேலியில் ஆற்றங்கரை அகத்தியர் தாபனம், திருக்கரைசைப் புராணம் பாடிய இடம். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடப்பவர்களும் மூதூரையும் வெருகலையும் கடந்துதான் போகிறார்கள். கதிர்காமத்தில் முருகன் கோவிலுக்கு அருகே ஒரு பள்ளிவாசலும் உண்டு. அதை ஹிழ்று நபியோடு சேர்த்துப் பேசுவது அங்குள்ள மரபு. தோப்பூர்க் களப்பில் நான் நினைத்துக்கொண்டிருந்தவரின் பெயர் அந்தப் பாதையின் மறுமுனையிலும் இருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது.

கதிர்காமத்துக்கு நடக்கும் அந்த யாத்திரைக்காரர்களைக் கிளிவெட்டி முத்துமாரியம்மன் கோவிலடியில் கண்டேன். கால் வெடித்து, வெயிலில் கறுத்து, வேலைச் சாத்திவைத்துவிட்டு மரநிழலில் படுத்திருந்தார்கள். வழியில் ஒரு முஸ்லிம் வீட்டு வாசலில் மோர் வாங்கிக் குடித்ததாகச் சொன்னார்கள். வெருகல் சித்திர வேலாயுதர் கோவில் வரைக்கும் கூட நடக்கலாமா என்று கேட்டேன். வடமராட்சி அம்மா ஒருவர் என் தோள்பையைத் தூக்கிப் பார்த்தார்.

"இவ்வளவு பாரம் வேண்டாம் தம்பி. ஒரு சாரமும் ஒரு போத்தல் தண்ணியும் காணும். மற்றதுகளை இங்கை ஆரிட்டையாவது குடுத்திட்டு வாங்கோ. விடிய நாலு மணிக்கு வெளிக்கிடுறம்."

(தொடரும்)