மது இல்லாத பானமும் அப்பாவின் கலயமும்

ஆல்கஹால் இல்லாத ஒயின் என்று ஒன்று உண்டு என்று சொன்னால் எங்கள் விடுதியில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். "இனிப்பு இல்லாத கருப்பட்டி மாதிரியாடா?" என்றான் மெக்கானிக்கல் நண்பன் ஒருவன். ஆனால் நிஜமாகவே உண்டு. திராட்சைச் சாற்றைப் புளிக்க வைத்து முதலில் ஒயினாகவே செய்து, பிறகு ஆல்கஹாலைப் பிரித்து எடுக்கிறார்கள். எங்கள் கெமிக்கல் பிரிவுக்காரர்களுக்கு இது புதிதல்ல. எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும். அவ்வளவு சூடாக்கினால் ஒயினின் மணமே போய்விடும் அல்லவா? அதனால் அழுத்தத்தைக் குறைத்து 30 டிகிரி சுமாரிலேயே ஆவியாக்கி இழுத்துவிடுகிறார்கள். மிஞ்சும் ஆல்கஹால் பெரும்பாலும் அரை சதவீதத்துக்கும் கீழே.

இதற்கு மவுசு வந்ததற்குக் காரணம் உடல்நலம்தான். 2012இல் பார்சிலோனா ஆராய்ச்சியாளர்கள், இதயநோய் ஆபத்துள்ள 67 ஆண்களுக்கு சிவப்பு ஒயின், ஆல்கஹால் நீக்கிய சிவப்பு ஒயின், ஜின் ஆகிய மூன்றையும் நான்கு நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆல்கஹால் நீக்கியதைக் குடித்த வாரங்களில்தான் இரத்த அழுத்தம் நன்றாகக் குறைந்தது. திராட்சைத் தோலின் பாலிஃபினால்கள் செய்த வேலை என்கிறார்கள். 67 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனாலும், மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் அறிவித்த பிறகு, இப்படி ஒரு பாட்டிலின் மேல் ஆசை வருவது இயற்கை.

விடுமுறையில் இதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா பனையேறி. காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவி, பதநீர் இறக்கி, ரோட்டோரம் விற்கிறார். எங்க ஊர்ப் பேச்சில் பயினி. மிச்சத்தை அம்மா கருப்பட்டி காய்ச்சுவாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்தது நான்தான். என் ஃபீஸ் அந்தப் பட்டைகளில் ஊற்றி விற்ற காசு.

அப்பா கேட்டுவிட்டுச் சொன்னார்: "புளிக்க விட்டுட்டு அப்புறம் எடுப்பானாக்கும்? நம்ம மாதிரி முதல்லயே கலயத்துல சுண்ணாம்பு தடவிட்டா ஜோலி முடிஞ்சுதுல்லா!"

என் பாடப் புத்தகம் இரண்டு பக்கத்தில் சொல்வதை அப்பா ஒரு வரியில் சொல்லிவிட்டார். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் விழும் சாறு சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிறது. ஈஸ்ட் அதிலுள்ள சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்குகிறது. சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டி ஈஸ்ட்டை வேலை செய்ய விடாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போதுதான் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. ஆல்கஹால் ஆகாத சர்க்கரை எங்கே போகும்? எங்கேயும் போகாது, பதநீரிலேயே இருக்கும்! ஒயினிலோ ஈஸ்ட் பெரும்பகுதியை ஏற்கனவே தின்று தீர்த்துவிடுகிறது (ஆல்கஹாலை எடுத்த பிறகு ருசிக்காகச் சிலர் மறுபடி இனிப்புச் சேர்ப்பது வேறு கதை). பதநீரில் நூறு மில்லிக்கு 10 முதல் 12 கிராம் வரை சர்க்கரை. கால் லிட்டர் குடித்தால் 25 கிராமுக்குக் குறையாது. ஐந்து ஸ்பூன் சீனி!

தினமும் ஒரு பெரியவர் சைக்கிளில் வருவார். சர்க்கரை வியாதிக்காரர். "இது ஒண்ணும் செய்யாதுல்லா?" என்பார். "பனையில வர்றது, உடம்புக்குக் குளிர்ச்சி அண்ணாச்சி" என்பார் அப்பா. பொய் சொல்ல மாட்டார் என் அப்பா. அவருடைய அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். வெயிலில் உழைப்பவனுக்கு அது உண்மையும்கூட. ஆனால் அந்த அண்ணாச்சிக்கு?

கணக்கை நோட்டில் போட்டுக் காட்டினேன். சொல்லும்போது என் குரல் தாழ்ந்துவிட்டது. என் ஃபீஸையே நான் குறை சொல்வதுபோல் இருந்தது. அப்பா வெகுநேரம் பேசவில்லை. பாளை அரிவாளைத் தீட்டிக்கொண்டே, "அஞ்சு ஸ்பூனா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அண்ணாச்சி வந்தார். "உங்களுக்கு வேண்டாம் அண்ணாச்சி. டாக்டர்ட்ட கேட்டுட்டு வாங்க" என்றார் அப்பா. அவருக்குக் கோபம். "நாப்பது வருஷமா குடிக்கேன், இன்னைக்கு உம்ம பையன் படிச்சிட்டானோ?" என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் இன்னும் இரண்டு மூன்று பேருக்கும் அப்பா அதையே சொன்னார். அம்மா எனக்குச் சோறு போடும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து அண்ணாச்சி வந்தார், பேரனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு. பேரனுக்கு ஒரு முழுப் பட்டை. தனக்கு ஒரு மடக்கு. காசை என் கையில்தான் கொடுத்தார்.