திரும்பி வந்த குழு

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1986-இல் தோன்றிய ராக் இசைக்குழு பிக்சீஸ். மெல்லென ஒலித்துத் திடீரென இடியாய் முழங்கும் அதன் பாணிக்கு நாமும் மனம் பறிகொடுத்தவர்களே. 1993-இல் பிரிந்தோர் 2004-இல் மீண்டும் கூடிப் பழைய பாடல்களைப் பாடியபோது அரங்குகள் அதிர்ந்தன. 2014-இல் ‘இண்டி சிண்டி’ என்னும் புதிய இசைத்தட்டு வந்ததும் அதே இரசிகருள் பலர் முகம் சுளித்தனர். முந்திய ஆண்டே விலகிவிட்ட கிம் டீல் அம்மையாரின் குரல் அதில் இல்லாதது பெருங்குறைதான். ஆனால், ஐம்பதை நெருங்கிவிட்ட பிளாக் பிரான்சிஸிடம், 1989-இல் 24 வயதில் அவர் எழுப்பிய அலறலையே கேட்பது என்ன நியாயம்? பல்லாண்டு கழித்து ஊருக்குச் செல்லும் நம்மை உற்றார் பார்த்து, “முன்போல் இல்லையே” என்னும்போது நாம் என்ன விடை சொல்கிறோம்? ‘கிரீன்ஸ் அண்ட் புளூஸ்’ என்னும் பாடலில் இனிமைக்குக் குறைவில்லை. அதை இன்றும் விரும்பிக் கேட்கிறோம்.