திருப்பி வைப்பது யார்?

முகப்புப் பக்கம் மாறிவிட்டது என்று சொல்லித்தான் பெரும்பாலும் கூப்பிடுவார்கள். கூகுள் வர வேண்டிய இடத்தில் பெயரே கேள்விப்படாத ஒரு தேடல் பக்கம் வருகிறது. வீட்டுப் பிள்ளைகள் செட்டிங்ஸுக்குள் போய் அதை மாற்றியும் பார்த்திருப்பார்கள். மாறும். கணினியை அணைத்துப் போட்டால் பழையபடி அதே பக்கம் வந்து நிற்கும். வீட்டுக் கணினிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். பிரவுசரைப் பிடித்துக்கொள்ளும் நிரல்களையும் உளவு நிரல்களையும் அகற்றும் வேலை முழுவதும் அந்தத் திரும்பி வருதலில்தான் அடங்கியிருக்கிறது என்பேன். நாம் மாற்றியதைத் திருப்பி வைக்கிற ஒன்று உள்ளே எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடிக்காமல் எத்தனை முறை துடைத்தாலும் வீண்.

அதனால் கணினி முன் உட்கார்ந்ததும் எதையும் அழிக்க மாட்டேன், ஸ்கேனரையும் ஓட்ட மாட்டேன். ஸ்கேனர் தனக்குத் தெரிந்த துண்டுகளை அழித்துவிடும். தெரியாத துண்டு எங்கிருக்கிறது என்று காட்டக்கூடிய தடயமும் அதோடு போய்விடும். "நான் ஒண்ணுமே பண்ணலையே தம்பி" என்று பெரியவர்கள் தொடங்குவார்கள். என்ன செய்தீர்கள் என்று அவர்களிடம் கேட்பதில்லை. "எப்போலேருந்து சார் இப்படி வருது?" என்று மட்டும் கேட்பேன். தோராயமாக ஒரு தேதி கிடைத்தால் போதும். கண்ட்ரோல் பேனலில் நிறுவப்பட்ட நிரல்களைத் தேதிவாரியாக அடுக்கினால், அந்த நாளில் ஒரு இலவச பிடிஎஃப் மாற்றியோ வீடியோ டவுன்லோடரோ இருக்கும். அதே நாளில் பெயர் புரியாத இரண்டு மூன்று நிரல்களும் குடியேறியிருக்கும். இலவச நிரலைத் தந்த தளம் தன் இன்ஸ்டாலருக்குள் அவற்றையும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. 'நெக்ஸ்ட்' அழுத்தும் திரைகளில் ஒன்றில் ஏற்கெனவே டிக் போட்ட ஒரு பெட்டி இருந்திருக்கும். இதில் வீட்டுக்காரர் செய்த தப்பு எதுவும் இல்லை. ஜாவாவின் இன்ஸ்டாலரே பல ஆண்டுகள் ஆஸ்க் டூல்பாரை டிக் போட்டுத்தான் நீட்டியது.

இப்படிப் பார்த்துவிட்டுத் தொடும் பழக்கத்தை எங்களுக்குக் கற்றுக் கொடுத்தவர் மெரிஜின் பெல்லெகோம் என்ற நெதர்லாந்து இளைஞர். 2003இல் கூல்வெப்சர்ச் என்ற பிரவுசர் ஹைஜாக்கர் பரவியது. அதன் தொடக்க கால வடிவம் ஒன்று இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் ஸ்டைல் ஷீட்டுக்குள் ஒளிந்திருந்தது. எழுத்தின் அளவையும் நிறத்தையும் சொல்வதற்கான கோப்பு அது. அதில் யாரும் தேட மாட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் சொன்ன அறிகுறி, படிவங்களில் தட்டச்சு செய்தால் எழுத்து நத்தை வேகத்தில் விழுகிறது என்பதுதான். அந்த ஒரு புகாரிலிருந்து ஸ்டைல் ஷீட் வரை போய்ச் சேர்ந்த கவனத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மரியாதை பெருகுகிறது. கூல்வெப்சர்ச் உருமாற உருமாற, அதற்கென்றே சிடபிள்யூஷ்ரெடர் என்ற கருவியைப் பெல்லெகோம் புதுப்பித்துக்கொண்டே வந்தார்.

அவருடைய இன்னொரு கருவி ஹைஜாக்திஸ். அது எதையும் நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாது. கணினியில் யார் யார் நுழையக்கூடுமோ அந்த வாசல்களை எல்லாம் பட்டியலிட்டு முன்னால் வைக்கும். ஆர்0, ஆர்1 என்றால் முகப்பும் தேடலும். ஓ2 என்றால் பிரவுசருக்குள் ஏறி உட்காரும் துணைநிரல். ஓ4 என்றால் கணினி எழும்போது கூடவே எழுபவை. ஓ19 அந்த ஸ்டைல் ஷீட்டுக்காகவே வந்த வரி. பட்டியலைப் படிப்பது நம் பொறுப்பு. 2007இல் ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் ஹைஜாக்திஸை வாங்கியது. அதே வேலைக்கு நான் இப்போது பயன்படுத்துவது மார்க் ருசினோவிச்சின் ஆட்டோரன்ஸ். மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட வரிகளை மறைத்துவிட்டு மிச்சத்தைப் படித்தால், ஒரு வீட்டுக் கணினியின் வரலாறே தெரியும்: எப்போதோ வாங்கி எறிந்த பிரின்டர், பழைய டேட்டா கார்டு, தம்பி விளையாடிய கேம், அவற்றுக்கு நடுவே யாரும் கூப்பிடாமல் வந்த ஒன்று.

வாசலைத் தெரிந்துகொள்ளாமல் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நியூடாட்நெட் நல்ல உதாரணம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வந்த நிரல் அது. விண்டோஸில் இணையத்துக்குப் போகும் தரவு, வின்சாக் என்ற அடுக்கின் வழியே சங்கிலிபோல் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறிச் செல்லும். அந்தச் சங்கிலியில் தன்னையும் ஒரு கண்ணியாகக் கோத்துக்கொண்டது நியூடாட்நெட். அதன் டிஎல்எல் கோப்பை மட்டும் அழித்துவிட்டால் சங்கிலி அறுந்துபோகும்; இணையமே நின்றுவிடும். நிரல் ஒழிந்தது, நெட்டும் ஒழிந்தது. இதற்கென்றே எல்எஸ்பி-ஃபிக்ஸ் என்ற சின்னக் கருவியை பென்டிரைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது. 2004இல் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் வந்த பிறகு, 'நெட்ஷ் வின்சாக் ரீசெட்' என்ற ஒற்றைக் கட்டளை அந்த வேலையைச் செய்தது. இன்றும் இணைய இணைப்பு விசித்திரமாக நடந்துகொண்டால் அந்தக் கட்டளையை நான் மறப்பதில்லை.

இன்றைய ஒளிவிடங்கள் வேறு. முதலில் டெஸ்க்டாப்பில் இருக்கும் குரோம் ஐகானை வலது கிளிக் செய்து பிராப்பர்டீஸைப் பார்ப்பேன். 'டார்கெட்' பெட்டியில் நிரலின் பெயர் முடிந்து மேற்கோள் குறி மூடிய பிறகு, ஒரு இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் முகப்பு சரியாகவே இருக்க, திறக்கும்போது மட்டும் வேறு பக்கம் வருவதன் காரணம் இதுதான். டெஸ்க்டாப், டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு மூன்றிலும் இருப்பவை தனித்தனி ஷார்ட்கட்கள். மூன்றையும் திருத்த வேண்டும். திருத்தியபின் மறுபடி ஒட்டிக்கொள்கிறதா? அப்படியானால் டாஸ்க் ஷெட்யூலருக்குள் போக வேண்டும். கூகுளின் அப்டேட் வேலையைப் போலவே பெயர் வைத்துக்கொண்டு, லாகின் ஆகும்போதெல்லாம் ஓடும் ஒரு பணி அங்கே இருக்கலாம். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது எந்தக் கோப்பை ஓட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அங்கும் இல்லையென்றால் டபிள்யூஎம்ஐ. வட்டில் கோப்பாக எதுவும் இல்லாமல், விண்டோஸின் நிர்வாகத் தரவுக்குள்ளேயே ஒரு ஸ்கிரிப்டை வைத்து, குறித்த இடைவெளியில் எல்லா ஷார்ட்கட்டிலும் முகவரியை ஒட்டிவிட்டுப் போகிறவையும் உண்டு. ஆட்டோரன்ஸில் இதற்குத் தனிப் பக்கமே இருக்கிறது.

குரோமின் மெனுவில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் நிமிர்ந்து உட்காருவேன். வீட்டுக் கணினியை நிர்வகிக்க எந்த நிறுவனம் வந்தது? சில ஆன்டிவைரஸ்களாலும் அந்த வரி வரும் என்பதால் பாலிசி பக்கத்தைத் திறந்து படிக்க வேண்டும். அலுவலகங்களுக்காக ஏற்பட்ட வசதியை ரெஜிஸ்ட்ரி வழியே பயன்படுத்தி, ஒரு எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக ஏற்றியிருப்பார்கள். அப்படி ஏறியதற்கு நீக்கும் பொத்தானே வேலை செய்யாது. பாலிசியை எடுத்தால்தான் எக்ஸ்டென்ஷன் இறங்கும். எல்லாம் சுத்தமான பிறகும் திரும்பி வந்தால், கூகுள் கணக்கின் சிங்க் வழியாக மேகத்திலிருந்து இறங்குகிறது என்று அர்த்தம். ஆகவே துடைப்பதற்கு முன்பே சிங்க்கை நிறுத்திவிடுவது என் வழக்கம்.

தமிழ் வீடுகளில் இன்னொரு கவனமும் வேண்டும். தமிழ்த் தட்டச்சு நிரல்கள் பல, விசைப்பலகைக்கும் வேர்டுக்கும் நடுவில் நின்று, 'அம்மா' என்று அடிக்க நாம் தட்டும் ஆங்கில விசைகளைப் பிடித்துத் தமிழ் எழுத்தாக்கிக் கொடுக்கின்றன. கடவுச்சொல் திருடும் கீலாகரும் நிற்பது அதே இடத்தில்தான். நடத்தையை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதை வெளியிட்டது யார், அது இணையத்தில் யாருடன் பேசுகிறது என்று பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். ஒரு எழுத்தாளரின் கணினியில் பயந்துபோய் தட்டச்சு நிரலைப் பிடுங்கிப் போடுவது அவர் கையைக் கட்டிப் போடுவதற்குச் சமம்.

"பார்மட் அடிச்சிடலாம் சார்" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லாததற்கும் இதுவே காரணம். பாமினியிலும் வானவில்லிலும் அடித்து வைத்த கடிதங்கள், அந்த எழுத்துரு போனால் புரியாத ஆங்கிலக் குறிகளாகத்தான் திறக்கும். டாலி கணக்கு டி டிரைவில் இருக்கிறதா சி டிரைவிலா என்று கடைக்காரருக்கே தெரியாது. முகப்புப் பக்கத்தைச் சரிசெய்ய ஒரு குடும்பத்தின் பத்து வருடச் சேமிப்பைப் பணயம் வைக்கக் கூடாது. கடவுச்சொல் திருடும் நிரலோ, விண்டோஸின் அடித்தளத்துக்குள் இறங்கிவிட்ட ரூட்கிட்டோ என்றால் தயங்காமல் பார்மட்டைத்தான் சொல்வேன். அப்போதும் எழுத்துருக்கள் உட்பட எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகுதான். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றச் சொல்வேன். பாதித்த கணினியில் புதுக் கடவுச்சொல்லை அடித்தால் அதையும் கொடுத்துவிட்டதாகும்.

பார்மட் எல்லாவற்றையும் தீர்க்கும் என்பதும் சரியல்ல. 2015 பிப்ரவரியில் அம்பலமான சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர நிரல், லெனோவோவின் சில லேப்டாப்களில் தொழிற்சாலையிலேயே ஏற்றப்பட்டிருந்தது; தொழிற்சாலை நிலைக்கே திருப்பினால் அதுவும் கூடவே திரும்பி வரும். பாதுகாப்பான இணைப்புகளுக்கு நடுவிலும் புகுந்து விளம்பரம் திணிக்க, தனக்கென ஒரு வேர்ச் சான்றிதழை அது நிறுவிக்கொண்டது. நிரலை அன்இன்ஸ்டால் செய்தாலும் சான்றிதழ் தங்கிவிடும். தனியாக நீக்க வேண்டும். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற நிரலோ கணினியை விட்டு ரௌட்டருக்கே போய், மாற்றப்படாத தொழிற்சாலைக் கடவுச்சொல்லைப் போட்டு நுழைந்தது. 2011 நவம்பரில் எஃப்பிஐ விசாரணையில் அதை நடத்திய கும்பல் பிடிபட்டபோது 100க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகள் அதன் பிடியில் இருந்தன. வீட்டில் போன், டிவி, கணினி எல்லாவற்றிலும் ஒரே மாதிரி விளம்பரம் வந்தால் கணினியை விட்டுவிட்டு ரௌட்டரைத் திறக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் வீட்டுக்காரரையே கணினியை அணைத்து மறுபடி போடச் சொல்வேன். வழக்கமாக அவர் போகும் பக்கங்களுக்கு அவரே போய்ப் பார்க்கட்டும். அன்றைக்கே பணம் வாங்கிக்கொண்டு மறந்துவிட முடியாது. சில பணிகள் வாரம் ஒருமுறை மட்டும் ஓடும்படி குறிக்கப்பட்டிருக்கும். அதனால் ஒரு வாரம் கழித்துப் போன் செய்து, "சார், பிரவுசரைத் திறந்தா முதல்ல என்ன பக்கம் வருது?" என்று கேட்டுக்கொள்வேன்.