ஜோன் சதர்லண்டின் உச்ச ஸ்தாயி

சிட்னி நகரில் 1926ஆம் ஆண்டு பிறந்து, உலகின் பெரிய ஓபரா அரங்குகளில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முன்வரிசையில் நின்ற ஜோன் சதர்லண்டின் சாரீரத்தை இயற்கையின் கொடை என்று ஒரே தொடரில் சொல்லி முடித்துவிடும் வழக்கம் இரசிகரிடத்தும் விமரிசகரிடத்தும் வேரூன்றியுள்ளது. பாராட்டாகவே கூறப்படினும், அக்குரலைப் படிப்படியாக உருவாக்கிய உழைப்பை அது கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடுவதால், குரல் பயிற்றுவித்தலையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டோர் அதனைத் தம் கலைக்கு இழைக்கப்படும் அவமதிப்பாகவே கொள்கின்றனர். அவ்வாறு கொள்வதில் நியாயம் உண்டு.

பெண்குரல்களுள் மிக உயர்ந்த எல்லையில் இயங்குவது சோப்ரானோ. ஒலிபெருக்கியின் துணையின்றி, முழு இசைக்குழுவையும் கடந்து, இரண்டாயிரம் பேருக்கு மேல் அமர்ந்திருக்கும் அரங்கின் கடைசி வரிசையை அக்குரல் எட்டவேண்டும். கூச்சலிட்டு இதனைச் சாதிக்க இயலாது. வாயறையின் அதிர்வைப் பாடும் சுரத்தின் அதிர்வோடு ஒத்திசையச் செய்தே சாதிக்க இயலும். ஒவ்வோர் உயிரெழுத்துக்கும் வாயறையில் அதற்கே உரிய அதிர்வெண் உண்டு. இகரத்துக்கு அது ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸ், ஆகாரத்துக்கு அதனினும் இருமடங்குக்கு மேல். சோப்ரானோவின் உச்ச ‘சி’ சுரமோ 1000 ஹெர்ட்ஸைத் தாண்டுகிறது. அவ்வுயரத்தில் தாடை அகலத் திறந்தே தீரவேண்டும் என்பதால், இகரமும் ஏகாரமும் ஆகாரத்தை நோக்கி நகர்ந்து ஒன்றையொன்று ஒத்துவிடுகின்றன. சதர்லண்டின் உச்சரிப்புத் தெளிவற்றது என்று அவர் வாழ்நாள் முழுவதும் எழுதப்பட்ட குறையின் ஒரு பாதி இந்த இயற்பியலே. மற்றப் பாதியை மறைப்பதற்கில்லை: சொற்கள் தெளிவாக ஒலிக்கக்கூடிய நடு ஸ்தாயியிலும் அவருடைய மெய்யெழுத்துகள் பல நேரங்களில் மங்கியே ஒலித்தன.

அவருடைய முதல் ஆசான் தாய் மியூரியல். மேடையேறாத மெஸ்ஸோ சோப்ரானோ, அதாவது சோப்ரானோவுக்கு அடுத்த தாழ்ந்த எல்லையுடைய பாடகி, என்ற அளவிலேயே நின்றுவிட்ட அவர், பாரிஸில் புகழ்பெற்ற ஆசிரியையாக விளங்கிய மத்தில்டே மார்க்கேசியின் மாணவி ஒருவரிடம் பயின்றவர். கருநாடக இசையினரின் அகார சாதகத்தை ஒத்த பயிற்சிகளை வீட்டிலேயே செய்துவந்தவர். அருகில் அமர்ந்து கேட்ட குழந்தைக்கு மூச்சின் ஒழுங்கு பாடமாகக் கற்பிக்கப்படுமுன்னரே பழக்கமாகிவிட்டது. விலா எலும்புகளை விரித்தபடியே நிறுத்தி, உதரவிதானம் மெல்ல மெல்ல மேலெழுமாறு காற்றைச் சிக்கனமாக விடும் இம்முறையை இத்தாலியர் ‘அப்போஜ்ஜோ’ என்பர். 1965ஆம் ஆண்டு ஆஸ்திரேலியப் பயணத்தில் உடன் பாடிய இளம் லூசியானோ பவரோட்டி, மூச்சைத் தாங்கும் நுட்பத்தைச் சதர்லண்டைப் பார்த்தே கற்றதாகப் பின்னாளில் வெளிப்படையாகக் கூறியுள்ளார்.

எனினும் மூச்சு கைவந்த சதர்லண்டுக்கு உச்ச ஸ்தாயி நெடுங்காலம் கைவரவில்லை. தாயைப் போலத் தம்முடையதும் மெஸ்ஸோ என்றே அவர் நம்பியிருந்தார். பதினெட்டு வயதுக்குப் பின் சிட்னியில் முறையாகப் பயிலத் தொடங்கியபோதுதான் அது சோப்ரானோ எனக் கண்டறியப்பட்டது. 1951இல் லண்டன் சேர்ந்தபின்னரும், ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் கனத்த பாத்திரங்களுக்குரிய குரலாகவே அது கணிக்கப்பட்டது. அவர் தமக்கு முன்மாதிரியாக வரித்ததும் நார்வேயின் வாக்னர் பாடகி கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட்டையே. இந்தக் கணிப்பை ஏற்க மறுத்தவர், சிட்னியிலிருந்தே பழக்கமான பியானோக் கலைஞரும் 1954இல் அவரை மணந்தவருமான ரிச்சர்ட் பானிங்.

பானிங் கையாண்ட உத்தி இத்தொழிலில் எல்லோரும் அறிந்தது. ஆனால் அதன் பொருளை உணர்ந்தோர் சிலரே. தனித்துக் கேட்கும் சுரத்தை இன்னதென்று சொல்லிவிடும் ஆற்றல் சதர்லண்டுக்கு இல்லை. எனவே பியானோவின் கட்டைகள் கண்ணில் படாத இடத்தில் அவரை நிற்கவைத்து, அவர் அறியாமலே பயிற்சியின் சுருதியை உயர்த்தி உயர்த்தி, எட்டவே முடியாது என்று அவர் எண்ணியிருந்த சுரங்களைப் பானிங் பாடவைத்தார். ‘பாஸாஜ்ஜோ’ எனப்படும் கடவு, அதாவது நடுக்குரல் தலைக்குரலாக மாறும் எல்லை, பெரும்பாலான சோப்ரானோக்களுக்கு 700 ஹெர்ட்ஸையொட்டி அமைகிறது. கடவு நெருங்குகிறது என்ற அறிவே அச்சமாகி, நாவடி பின்னிழுக்கப்பட்டு, குரல்வளை மேலேறி, தொண்டை இறுகுகிறது. சுரம் கெடுவது பாடும்போதன்று, பாடுவதற்கு ஒரு கணம் முன்னர். பானிங் உயர்த்தியது சுருதியை மட்டும் எனக் கருதுவது பிழை. அவர் அகற்றியது அந்த அறிவை. அகற்ற முடிந்ததோ, அடியில் தாய் இட்ட மூச்சின் அடித்தளம் அசையாதிருந்ததனால். இன்று இவ்வுத்தியை மட்டும் கேள்விப்பட்டு, மூச்சு நிலைபெறாத மாணவியரை வாரந்தோறும் ஒரு சுரம் மேலே தள்ளும் ஆசிரியர்கள் பெருகியுள்ளனர். இருபத்தைந்து வயதிலேயே நடுக்குரல் அசைந்தாடும் பாடகியர் அப்பயிற்சியின் விளைவு.

பானிங் இட்டுச்சென்ற பாதை ‘பெல் காண்டோ’. ரொஸ்ஸினி, பெல்லினி, டோனிசெட்டி ஆகியோரின் படைப்புகளில் உச்சம் பெற்ற இம்முறையில், பிசிறற்ற நெடிய இழைவும், விரைவுச் சுரக்கோவைகளும், அடுத்தடுத்த இரு சுரங்களை விரைவாக மாற்றி மாற்றி ஒலிக்கும் ‘டிரில்’ என்ற அணியும் இன்றியமையாதவை. பெரிய குரல்கள் விரைவை இழப்பதும் விரைவான குரல்கள் பருமனை இழப்பதும் பொது இயல்பாக இருக்க, வாக்னருக்குரிய பருமனோடு துல்லியமான டிரில்லும் சதர்லண்டிடம் சேர்ந்திருந்தது. 1959 பிப்ரவரி 17 அன்று லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில், மூத்த இசைநடத்துநர் துல்லியோ செராஃபினின் கீழ், டோனிசெட்டியின் ஓபரா நாயகி லூசியாவாக அவர் பாடியபோது உலகம் விழித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு வெனிஸ் நகரத்தார் அவருக்கு ‘லா ஸ்தூபெண்டா’, வியக்கத்தக்கவள், என்ற பட்டம் சூட்டினர். 1961இல் மிலானின் லா ஸ்காலாவும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டனும் அவரை வரவேற்றன.

ஓரிரவில் வந்த புகழ் என்று இதனைச் சொல்வோர், முந்திய ஏழாண்டுகளை மறந்துவிடுகின்றனர். பலமுறை குரல் தேர்வு கொடுத்த பின்னரே கோவென்ட் கார்டனில் இடம் பெற்ற அவர், 1952இல் மொஸார்ட்டின் ‘மந்திரப் புல்லாங்குழ’லில் முதல் தோழியாகத் தொடங்கி, அவ்வாண்டே மரியா காலஸ் நாயகி நோர்மாவாகப் பாடிய மேடையில் பணிப்பெண் குளோத்தில்டேயாக நின்று, சிறு வேடங்களும் பெரு வேடங்களுமாக சம்பளத்தில் உழைத்தார். அரங்கோடு பிணைந்த அக்குழுமுறை லண்டனில் இன்று இல்லை. ஜெர்மனியின் பல அரங்குகளில் இன்னும் நீடிக்கிறது. அதன் இடத்தை ஒப்பந்த முகவர்களும் போட்டி மேடைகளும் பிடித்துக்கொண்டன. ஒலிப்பதிவில் ஒட்டிச் சேர்த்த உச்ச சுரங்களைக் கேட்டு வளர்ந்த இளையோர், அவற்றை மேடையிலும் உடனே தரவேண்டும் என்ற அவசரத்துக்கு ஆளாகின்றனர். கல்லூரி முடித்த ஓரிரு ஆண்டுகளில் வயோலெட்டா, டோஸ்கா போன்ற பெரிய நாயகி வேடங்கள் அவர்கள் தோளில் ஏற்றப்படுகின்றன. மைதானங்களில் ஒலிவாங்கி வைத்துப் பாடுவதையும் ஓபரா என்றே விளம்பரப்படுத்தும் வணிகம், கேட்போர் செவியின் அளவுகோலையும் சிதைத்துவிட்டது.

சதர்லண்ட் 1990 அக்டோபர் 2 அன்று, அறுபத்து மூன்றாம் வயதில், சிட்னியில் மையர்பேயரின் ‘ஹியூகனாட்டுகள்’ ஓபராவில் மார்கரீட்டாகப் பாடித் தம் முழுநீள வேடங்களுக்கு விடைகொடுத்தார். அத்தகைய நீண்ட வாழ்வு இன்றைய மாணவியருக்கும் வாய்க்கவேண்டுமாயின், அவர்களுக்கு முதலில் தேடிவரும் பெரிய வேடத்தை மறுக்கும் துணிவு ஆசிரியர்களுக்கு வேண்டும். அரங்க நிர்வாகிகளோ, குளோத்தில்டே போன்ற சிறு வேடங்களில் இளம் பாடகியரைச் சில ஆண்டுகளேனும் சம்பளத்தோடு வைத்துக் காக்கவேண்டும்.