அழுதுகொண்டு சிரிக்கிற முகம்

எங்க தாத்தா கேதம் சொல்லப் போனவர். ஊர்த்தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அவர்தான் ராத்திரியோட ராத்திரியா சொந்தக்காரங்க இருக்கிற ஊருக்கெல்லாம் நடக்கணும். வாசலுக்கு வெளியே நின்று சேதி சொல்லிட்டு, கொடுக்கிறதை வாங்கிக்கிட்டு அடுத்த ஊருக்கு நடக்கணும். போன் வந்த பிறகுதான் அந்த வேலை எங்க காலை விட்டுச்சு. அதனால் போனை நான் வையமாட்டேன்.

ஆனால் அதே போனில் போன வருசம் ஒரு வீடியோ வந்தது. எங்க பெரியம்மா மகன் ஊர்த்தெருவில் வண்டியை விட்டு இறங்காமல் போனானாம். அவனைக் காலில் விழவைத்து, அதை அவனுங்களே படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டானுங்க. தாத்தா ஒரு ராத்திரி முழுக்க நடந்த தூரத்தை அது ஒரு நொடியில் தாண்டிருச்சு. வதந்தியை நம்பிக் கூட்டமாக ஆட்களை அடித்துக் கொன்றதற்குப் பிறகு, 2018இல் இந்தியாவில் ஒரு சேதியை ஒரே தடவையில் 5 இடத்துக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. சாதிக்கு அஞ்சஞ்சா அனுப்பினாலே போதும்.

என்கூடப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களின் குழுவுக்கும் அது வந்தது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, படம் தெரியும். வீடியோவுக்குக் கீழே வரிசையாகக் கிடந்த மஞ்சள் முகங்களை, கண்ணீர் வழியிற முகங்களை, விரலால் தடவிப் பார்த்தது.

"பாவம்ப்பா, நம்ம புள்ளைக்காக எம்புட்டுப் பேரு அழுதிருக்காங்க."

அது அழுகிற முகம் இல்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணி வந்த முகம். 2015இல் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் ஆண்டின் சொல்லாக அந்தப் படத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நான் எம்.ஏ. தமிழ். மெய்ப்பாடு எட்டு என்று தொல்காப்பியம் படித்தவன். நகை பிறக்கிற நான்கு காரணங்களில் முதலாவது எள்ளல். பரீட்சைக்கு எழுதினேன்; அன்றைக்குத்தான் விளங்கியது.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசலை. பிறகு கேட்டது:

"யாரு யாரு சிரிச்சான்னு அதுல பேரு இருக்குமா?"

"இருக்கும்மா."

"எழுது."

17 பேர். எல்லாம் என்கூட பெஞ்சில் உட்கார்ந்தவனுங்க. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி நாங்க கொடுத்த புகாரில், வீடியோவோடு அந்தப் பட்டியலும் இருக்கிறது.