முதல்ல விளக்கைப் போடுங்க

அறிவியல் புனைகதைன்னு உட்கார்ந்தாலே நம்மாளுங்களுக்கு முதல் பத்தியிலயே கி.பி. 3045, விண்கலம், வேற்றுகிரகச் சண்டைன்னு எல்லாத்தையும் கொட்டியாகணும். நாவல்னா வாசகர் பொறுத்துப்பார், பக்கத்தைப் புரட்டினாப் போதும். ஆனா வாசகரே டைப் அடிச்சு நகர்த்தற கதையில இந்தப் பாச்சா பலிக்காது. அடுத்து என்ன செய்யறதுன்னு புரியலைன்னா மூடிட்டுப் போயிடுவார்.

1984-ல இன்ஃபோகாம் வெளியிட்ட 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி' விளையாட்டைப் பாருங்க. டக்ளஸ் ஆடம்ஸும் ஸ்டீவ் மெரெட்ஸ்கியும் எழுதினது. படமே கிடையாது, வெறும் எழுத்துதான். கொஞ்ச நேரத்துல பூமியே காலியாகப் போகுது. ஆனா கதை அங்கே ஆரம்பிக்கலை. கண் முழிச்சா கும்மிருட்டு, தலை சுத்துது. அவ்ளோதான்.

என்ன செய்வீங்க? யாரும் சொல்லாமலே 'விளக்கைப் போடு'ன்னு அடிப்பீங்க (ஆங்கிலத்துலதான்!). அறை தெரியும். அப்புறம் எழுந்திரு, மேலங்கியை எடு, அதோட பையில தலைவலி மாத்திரை இருக்கு, முழுங்கு. வெளியே வந்தா வீட்டை இடிக்க புல்டோசர்! அதுக்கு முன்னாடி போய்ப் படுக்கலைன்னா ஆட்டம் க்ளோஸ்.

கவனிச்சீங்களா? நாலஞ்சு வரி அடிச்சதுமே அது நம்ம தலைவலி, நம்ம வீடு ஆயிடுது. அதனாலதான் பின்னாடி பூமி போறப்போ நமக்குப் பதறுது.

அதனால மக்களே, இந்த மாதிரி கதை எழுதறதா இருந்தா, முதல்ல வாசகர் கைக்கு ஒரு சின்ன வேலை குடுங்க. பிரபஞ்சம் எங்கயும் ஓடிப்போயிடாது :-)