சித்தியின் கையெழுத்து

நமக்குச் சட்ட ஞானம் உண்டு என்று நம் குடும்பத்தில் ஒரு பிரமை வெகு காலமாக இருந்து வருகிறது. எப்போதோ ஒரு வாடகைச் சீட்டைத் திருத்திக் கொடுத்ததன் பலன் அது. ஆகையால், ஓசூரிலிருக்கும் நம் சித்திக்கு இருதயத்தில் சஸ்திர சிகிச்சை செய்தே தீர வேண்டுமென்று பெங்களூர் டாக்டர்கள் சொன்னதும், முதல் அழைப்பு நமக்கே வந்தது.

"டாக்டர் காரியத்தை டாக்டர் பார்த்துக்கொள்வார். நீ வந்து பவர் பத்திரத்தை எழுதிக் கொடு" என்றாள் சித்தி.

ஓசூர் என்றதும் 1980-ல் வந்த அசோக் லேலண்டும், பின்னால் வந்த டைட்டன் கடிகாரமும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பெரிய எந்திரங்களின் அடியில் வழியும் எண்ணெயை ராத்திரி ஷிப்டு முடிந்ததும் துடைப்பவர் யார் என்று நாம் கேட்பதில்லை. சித்தி அந்தத் தொழிலைத்தான் செய்கிறாள். இரண்டு வாளி, இரண்டு பெண்கள் என்று ஆரம்பித்தது. இப்போது முப்பத்தொரு பெண்கள். சிப்காட்டில் நாலு சிறு தொழிற்சாலைகள்; ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் ஒன்று. அந்தப் பெண்கள் வீட்டில் தெலுங்கும், சந்தையில் கன்னடமும், சித்தியிடம் தமிழும் பேசுவார்கள்.

மாதத்தில் 7-ந் தேதி சம்பளம். 15-ந் தேதி பிராவிடெண்டு பண்டும் ஈ.எஸ்.ஐ.யும். 20-ந் தேதி ஜி.எஸ்.டி. இந்த மூன்று தேதிகளும் சித்திக்கு மூன்று குலதெய்வங்கள். மூன்றுக்கும் படையல் அவளுடைய கையெழுத்து ஒன்றே. தனி உடைமைத் தொழிலில் வியாபாரம் வேறு, முதலாளி வேறு அல்ல. அவள் படுத்தால் அதுவும் படுத்துவிடும்.

அதிகாரம் டொரோண்டோவிலிருக்கும் அவள் மகனுக்குத்தான் என்று நாம் நினைத்திருந்தோம். சித்தி தலையை அசைத்தாள். "அவன் தூங்கும்போது இங்கே ஷிப்டு மாறும். சூபர்வைசருக்கு எழுது" என்றாள்.

சூபர்வைசர் என்பவள் அந்த முதல் இரண்டு பெண்களில் ஒருத்தி. தெலுங்கில் கையெழுத்துப் போடுவாள். கணக்கு நோட்டும் தெலுங்கில்தான். கொஞ்சம் படித்தவராக யாராவது இருந்தால் நல்லது என்று நாம் சொன்னோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"பினாயில் டப்பா ஒன்று குறைந்தால் ராத்திரி பத்து மணிக்கு வந்து கதவைத் தட்டுகிறவள் அவள். நீ தட்டுவாயா?" என்று கேட்டாள் சித்தி. நாம் பேனாவை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனோம்.

ஓசூர்ப் பக்கத்தில் 'பவர்' என்ற சொல்லுக்கே மனை வியாபாரத்தின் வாசனை உண்டு. வெறும் பவரை வைத்துக்கொண்டு நிலம் கைமாறியதாகக் கொள்ள முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 2011-ல் தீர்ப்புச் சொன்ன பிறகும் அந்த வாசனை முழுதும் போகவில்லை. நம் வக்கீல், 'சகல காரியங்களையும்' என்று நாம் பெருமையோடு எழுதியிருந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார். சம்பளம் கொடுக்கலாம், வரி கட்டலாம், பில் அனுப்பிப் பணம் வாங்கலாம், சாமான் வாங்கலாம். கடன் வாங்கக் கூடாது. வேனை விற்கக் கூடாது. தன் அதிகாரத்தை இன்னொருவருக்குக் கைமாற்றக் கூடாது. கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டும். இது நமக்குப் புதிதான ஏற்பாடும் அல்ல. பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், மூன்று வருஷக் கெடுவில் அனுப்பிய ஏஜெண்டுகளிடம் இப்படித்தான் அதிகாரப் பத்திரம் கொடுத்தார்கள். கடல் கடந்த லட்சங்கள் அந்தக் காகிதத்தின் மேல் நடந்தன.

நிலம் சம்பந்தப்படாததால் நோட்டரியின் முத்திரை போதும் என்றார் வக்கீல். பாங்கிக்கு அது போதவில்லை. தங்கள் பாரத்தில் எழுதினால்தான் ஏற்போம் என்றார்கள். பிறகு தெலுங்குக் கையெழுத்துக்குத் தனியே ஓர் உறுதிமொழி கேட்டார்கள். மூன்றாம் நடையில் காரியம் முடிந்தது.

எல்லாம் முடிந்த பிறகுதான் நமக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. "சித்திக்கு நினைவு தப்பிப் போனால்?" என்று வக்கீலைக் கேட்டோம்.

"பத்திரமும் தப்பிப் போகும்" என்றார் அவர். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவைக் காட்டினார். அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலும், சித்த சுவாதீனம் இழந்தாலும், ஏஜெண்டின் அதிகாரம் முடிந்துவிடும். மழை பெய்தால் விரிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு குடை வாங்கியது போலிருந்தது நமக்கு! இங்கிலாந்தில் 2005-ல் செய்த சட்டம், அறிவு தளர்ந்த பிறகும் நிலைக்கும் பத்திரத்துக்கு வழி செய்திருக்கிறது. இங்கே கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை நிர்வகிக்க மனைவி அனுமதி கேட்டதற்கு, சென்னை ஹைகோர்ட்டில் ஒரு நீதிபதி மறுத்து, அப்பீலில் இரண்டு நீதிபதிகள் 2024-ல் அனுமதித்தார்கள். கையெழுத்துப் போட முடியாத நோயாளியின் கட்டை விரல் ரேகையையோ, கால் விரல் ரேகையையோ இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பாங்கிகள் ஏற்கலாமென்று ரிசர்வ் பாங்கி சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்கும் நோயாளிக்கு நினைவு வேண்டுமல்லவா?

சூபர்வைசர் இதையெல்லாம் ஒரு மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதை நாம் கவனிக்கவில்லை.

4-ந் தேதி சிகிச்சை நடந்தது. மறுநாள் கண் திறப்பாள் என்றார்கள், திறக்கவில்லை. 6-ந் தேதியும் அப்படியே. 7-ந் தேதி காலையில் டெலிபோன் மணி அடித்தது.

"ஸார், அக்கா இன்னும் கண் முழிக்கலையாம். பாங்கிக்குக் கொடுக்கச் சம்பளப் பட்டியல் தயார். இந்தப் பேப்பர் இன்னைக்கு உயிரோடே இருக்கா?"

குடும்பத்தின் சட்ட நிபுணருக்கு வாயடைத்துப் போயிற்று. வக்கீலைக் கூப்பிட்டோம். "மயக்க மருந்தின் தூக்கத்தைச் சித்த சுவாதீனம் இழந்ததாகச் சொல்ல நான் தயாரில்லை. போடச் சொல்லுங்கள். அதிகாரமில்லாமல் செய்த காரியத்தையும் முதலாளி பிறகு ஏற்றுக்கொள்ள 196-வது பிரிவில் இடமிருக்கிறது" என்றார். சற்று நிறுத்தி, "பத்து நாள் கழித்தும் இதே கேள்வியோடு வராமல் இருக்கப் பிரார்த்தனை செய்யுங்கள்" என்றார்.

சூபர்வைசர் கையை முந்தானையில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாளாம். அன்று சாயங்காலம் முப்பத்தொரு பேருக்கும் சம்பளம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் சித்தி கண் திறந்தாள். தொண்டையில் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. நம்மைப் பார்த்து, ஒரு கையில் ஐந்து விரலும் மற்றதில் இரண்டு விரலும் காட்டினாள். நாம் தலையை ஆட்டினோம். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்று வாரம் சென்று, ஓசூர் வீட்டு வாசல் திண்ணையில் கணக்குப் பார்த்தார்கள். சூபர்வைசர் நோட்டைத் தெலுங்கில் வாசிக்க, சித்தி தமிழில் கூட்டினாள். ஆட்டோவுக்குக் கொடுத்த அறுபது ரூபாய்க்குச் சீட்டு இல்லை. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "கட்டு, கட்டு" என்று சித்தி அதட்டினாள்.

வெள்ளிக்கிழமை வக்கீல் வருகிறார். 1932-ம் வருஷத்துச் சட்டப்படி இருவரும் கூட்டாளிகளாகப் பத்திரம் எழுதப் போகிறார். கூட்டாளிக்குப் புத்தி பேதலித்தாலும் கோர்ட் சொன்னாலொழிய அந்தக் கூட்டு கலையாதாம். மற்றவள் தன் சொந்த உரிமையிலேயே கையெழுத்துப் போடலாமாம்.

இதை நாம் விளக்கியதும் சூபர்வைசர் சித்தியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ இனிமேல் கையெழுத்துப் போட அக்காவைக் கேட்க வேண்டாமா?"

"கேட்டுத்தான் போட வேண்டும்" என்றாள் சித்தி.